கிருமிக்கு ஏழை பணக்காரர் தெரியுமா?

காசநோயை அந்தக் காலத்தில் எலும்புருக்கி நோய் என்பார்கள். அது ஆளையே உருக்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கும். மாலையில் காய்ச்சல் வரும். எடை குறையும். சிலருக்குச் சளியில் இரத்தம் வரும்.

இந்த நோயைத் தருவது ஒரு கிருமி. 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் மருத்துவர் அதைக் கண்டுபிடித்தார். நோயாளி இருமும்போது கிருமி காற்றில் பரவுகிறது. காற்று எல்லோருக்கும் பொது. ஆனால் நோய் எல்லோருக்கும் பொதுவாக இல்லை. அது ஏன்?

கிருமி உடம்புக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. சுமார் 10 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. மற்றவர்களின் உடம்பு கிருமியை அடக்கி வைக்கிறது. அதற்கு உடம்பில் வலு வேண்டும். வலுவுக்குச் சாப்பாடு வேண்டும்.

ஜார்க்கண்ட் மாநிலத்தைப் பார்ப்போம். அங்கே பூமிக்கு அடியில் நிலக்கரியும் இரும்பும் உள்ளன. பூமிக்கு மேலே வறுமை. ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அறை. ஜன்னல் இல்லை. ஆறு பேர் படுக்கிறார்கள். சோறு உண்டு. பருப்பு எப்போதாவதுதான்.

அவர் பீடி பிடிக்கிறார். சாராயமும் குடிக்கிறார். இரண்டும் கெடுதல்தான். புகை நுரையீரலைக் கெடுக்கும். குடி, கூலிப் பணத்தைத் தின்னும், மாத்திரையை மறக்க வைக்கும். இதையெல்லாம் அவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பீடி பசியைக் கொஞ்ச நேரம் மறக்கச் செய்கிறது. அதையும் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். மேலும், அவர் மனைவி பீடியைத் தொட்டதே இல்லை. அவருக்கும் நோய் வருகிறதே! எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிச்சம் இருப்பதைச் சாப்பிடுபவர் அவர்.

அதே ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. நான்கு மாவட்டங்களில் 2,800 காசநோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும், வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. கூடவே சத்து மாத்திரை. வேறு விசேஷம் எதுவும் இல்லை.

முடிவு 2023-இல் வெளிவந்தது. உணவு பெறாத குடும்பங்களில் 100 பேருக்கு நோய் வந்தது என்றால், உணவு பெற்ற குடும்பங்களில் சுமார் 60 பேருக்குத்தான் வந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது.

காசநோயாளியின் சாப்பாட்டுக்காக அரசு பணம் தருகிறது. 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது. 2024 நவம்பரில் 1,000 ரூபாய் ஆனது. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். பணம் நோயாளியின் பெயரில் வந்தாலும், வீட்டில் பசித்த வயிறுகள் ஆறு.

மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். சில வாரங்களிலேயே காய்ச்சல் விட்டுவிடும். உடனே வேலைக்குப் போகத் தோன்றும். வேலைக்குப் போனால்தான் கூலி. அப்போதுதான் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அதை அடக்குவது கஷ்டம்.

வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால், எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு கிடையாது. ஆனால் போய்வர ஒரு நாள் கூலி போகும்.