சீட்டுக் கிழிந்த மூட்டைக்குள் என்ன?

பண்ணைப்புரத்திலிருந்து வேதியியல் பட்டத்தோடு வேலைக்குக் கிளம்புகிறீர்களா? மண் ஆய்வகம், உரக்கடை, ஏலத்தோட்ட அலுவலகம் என எங்கே சேர்ந்தாலும், ஒருநாள் உங்கள் மேசைக்கு ஒரு பொட்டலம் வரும். உள்ளே வெள்ளைப் பொடி. "மூட்டையில சீட்டு கிழிஞ்சுபோச்சு தம்பி. டோலமைட்டா, ஜிப்சமான்னு பாத்துச் சொல்லுங்க."

சின்னக் கேள்வி இல்லை. மலைமேல் ஏலத்தோட்டத்துப் புளிப்பு மண்ணுக்குக் கேட்பது டோலமைட். அங்கே ஜிப்சம் போட்டால் புளிப்பு குறையாது. மூட்டைக் காசோடு ஜீப் வாடகையும் வீண். ஜிப்சத்துக்கு வேலை இருப்பது களர் நிலத்தில்.

பிளஸ் டூவில் செய்த சால்ட் அனாலிசிஸை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

1. முதலில் நிறமும் வாசமும். பிளீச்சிங் பவுடர் வாசம் வந்தால் அமிலம் விடாதீர்கள், குளோரின் கிளம்பும். கருஞ்சாம்பல் பொடி என்றால் எலி மருந்தான சிங்க் பாஸ்பைடாக இருக்கலாம். அமிலம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். மூடி வைத்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிடுங்கள்.

2. அடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறையோடு, ஒரு சிட்டிகைப் பொடியில் சில சொட்டு விடுங்கள். சுண்ணாம்புக்கல் பொடி, கோலி சோடா உடைத்ததுபோல் பொங்கும். டோலமைட் மெதுவாகக் குமிழ் விடும். லேசாகச் சூடாக்கினால் வேகமெடுக்கும். ஜிப்சம் நுரைக்காது.

3. வரும் வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்துங்கள். பால்போல் கலங்கினால் கார்பன் டை ஆக்சைடு. பொடியில் கார்பனேட் இருக்கிறது.

4. நுரைக்கவில்லை என்பதாலேயே ஜிப்சம் ஆகிவிடாது. பொடியை அதே அமிலத்தில் சூடாக்கி வடிகட்டி, தெளிந்த கரைசலில் பேரியம் குளோரைடு விடுங்கள். அமிலத்திலும் கரையாத வெள்ளை வீழ்படிவு வந்தால் சல்ஃபேட். கால்சியத்துக்குத் தனிச் சோதனை உண்டு.

புதியவர்கள் சறுக்குவது நீற்றுச் சுண்ணாம்பில். புதிதாக இருக்கும்போது நுரைக்காது. காற்றில் கிடந்து பழசானால் கார்பனேட் ஏறி நுரைக்கும். பொங்கியதைப் பார்த்ததும் பெயர் சூட்டினால் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

அதனால் நோட்டில் முதலில் கண்டதை எழுதுங்கள். முடிவு அடுத்த வரியில். "டோலமைட்" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், "கார்பனேட், சூட்டில் வேகமாக நுரைத்தது, மெக்னீசியம் பார்க்கவேண்டும்" என்று எழுதுபவரைத்தான் ஆய்வகம் நம்பும். வந்தவரிடமும், "பாதி தெரிஞ்சிருச்சுண்ணே, மீதி சாயங்காலம் சொல்றேன்" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

முடிவு உறுதியானதும் புதுச் சீட்டு ஒன்றைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுங்கள், மூட்டையில் கட்டச் சொல்லி.