டம்ளரும் லிட்டரும்: ஆறாம் வகுப்புக்கு ஒரு செயல்பாடு

‘ஒரு லிட்டர் தண்ணீர் எத்தனை டம்ளர்?’ என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நான்கு, ஐந்து, ஏழு எனப் பல விடைகள் வரும். எதையும் உடனே தவறு என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக்கு வீடு டம்ளர் வேறு. நம் கொங்குப் பகுதியில் தானியம் அளந்த படியும் வள்ளமும்கூட ஊருக்கு ஊர் மாறியவைதாம். இந்தக் குழப்பம் தீரவே 1956-இல் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. ‘அளவைகள்’ பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாம்.

தேவையானவை: அளவுசாடி, ஒரு லிட்டர் பாட்டில், வீட்டு டம்ளர்கள்.

செயல்பாடு 1

ஒவ்வொரு குழுவும் தன் டம்ளரின் கொள்ளளவை ஊகித்து எழுதட்டும். பிறகு அளவுசாடியால் அளக்கட்டும். 1000-ஐ அந்த அளவால் வகுத்தால் விடை கிடைக்கும்.

250 மி.லி. – 4 டம்ளர்
200 மி.லி. – 5 டம்ளர்
150 மி.லி. – 6⅔ டம்ளர்

கடைசிக் கணக்கில் ஈவு 6, மீதி 100. இதைச் சிலர் ‘6.100 டம்ளர்’ என எழுதுவர். மீதி 100 மி.லி.; டம்ளரோ 150 மி.லி. எனவே அது ⅔ டம்ளர் என்பதை ஊற்றியே காட்டுங்கள்.

செயல்பாடு 2

அரிசிம்பருப்பு சாதத்துக்கு ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். டம்ளர் சிறிதானாலும் பெரிதானாலும் சாதம் பதமாக வருமா? வரும். மூன்றையும் ஒரே டம்ளரால் அளப்பதால் விகிதம் மாறாது.

இனி, 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் காட்டுங்கள். அதை ஒரு லிட்டர் குடிநீரில் கரைக்க வேண்டும். இங்கே பொடியின் அளவு நிலையானது; டம்ளர் மாறினால் விகிதமும் மாறிவிடும். ‘ஐந்து டம்ளர்’ என்று கேட்டவர் 150 மி.லி. டம்ளரால் ஊற்றினால் 750 மி.லி.தான் சேரும், கரைசலின் செறிவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒரே டம்ளரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்தால் ஏறத்தாழ ஏழு மடங்கு! உப்பு மிகுந்தால் வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் உயர்ந்து ஆபத்தாகும். நீர் கூடினாலோ கரைசல் உரிய பலனைத் தராது. சிறிய பொட்டலங்களும் உண்டு என்பதால், உறையைப் படித்த பிறகே அளக்கப் பழக்குங்கள்.

மதிப்பீடு

1. 120 மி.லி. டம்ளரில் ஒரு லிட்டர் எத்தனை டம்ளர்? (8⅓)
2. வீட்டுப் பாத்திரம் ஒன்றில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தில் கோடிட்டு வருக.

அந்தக் கோடு, தேர்வு முடிந்த பிறகும் அந்த வீட்டுக்குப் பயன்படும்.