எண்ணெயும் எண்ணமும்

நுழையும்முன்

சிறுநீரகம் தளர்ந்தால் கால் வீங்கும், பசி குறையும் என்பதைப் பலரும் அறிவர். நினைவாற்றலும் மங்கக்கூடும் என்பதை அறிந்தவர் சிலரே. அந்நிலையில் உணவிலுள்ள கொழுப்பை எவ்வாறு தேர்ந்து உண்பது? கிருஷ்ணகிரி மாவட்டத்தின் உணவுத்தட்டை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

வீடு தேடி வந்த மருத்துவம்

2021 ஆகஸ்டு 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூரான சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகள் இல்லத்திற்கே வரலாயின. சிறுநீரகம் செயலிழந்தோர் வீட்டிலிருந்தபடியே வயிற்றறை வழியாகக் குருதியைத் தூய்மை செய்துகொள்ள உதவும் நீர்மப் பைகளும் அத்திட்டத்தில் இடம்பெற்றன.

அப்பையை நாள்தோறும் மூன்று நான்கு முறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கைகளைத் தூய்மை செய்தல், குழாயை முறைப்படி இணைத்தல், வெளியேறிய நீரை அளந்து குறித்தல் எனப் படிகள் பல உள்ளன. ஒரு படியை மறந்தாலும் தொற்று ஏற்படலாம். மருந்து வீடு தேடி வந்தாலும், அதை வேளைதவறாது பயன்படுத்த நினைவு துணைநிற்க வேண்டும். அந்நினைவையே சிறுநீரக நோய் தாக்குகிறது.

ஒரே குருதி, இரு உறுப்புகள்

மூன்று திங்களுக்கு மேலாகச் சிறுநீரகத்தின் அமைப்பிலோ செயலிலோ குறை நீடித்தால், அதனை ‘நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்பர். இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கும், ஏழில் ஒரு பங்கு மூளைக்கும் செல்கிறது. இரண்டுமே நுண்ணிய குருதிக்குழாய்களை நம்பியிருப்பவை. இரத்த அழுத்தமும் நீரிழிவும் அக்குழாய்களைச் சிதைக்கும்போது இரண்டும் ஒருங்கே நலிகின்றன. வடிகட்டப்படாது தேங்கும் கழிவுகளும் மூளையின் செயலைத் தடுமாறச் செய்கின்றன.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், இயந்திரத்தின் வழியே குருதித் தூய்மை செய்துகொண்ட 55 வயதும் அதற்கு மேலும் ஆன 338 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2006இல் வெளிவந்தது. அவர்களுள் அறிதிறன் இயல்பாக இருந்தோர் 13 விழுக்காட்டினருக்கும் குறைவே. ஆகவே, மாத்திரையை மறக்கும் நோயாளரைக் கவனமற்றவர் எனக் கடிந்துகொள்ளுதல் முறையன்று. அம்மறதி நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

கொழுப்பு பகையா?

நீர் நீங்கிய மூளையின் எடையில் பாதிக்கும் மேற்பட்டது கொழுப்பே. எனவே கொழுப்பை முற்றிலும் விலக்குதல் அறிவுடைமை ஆகாது. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி ஆற்றலைத் தருகிறது. மாவுச்சத்தும் புரதமும் 4 கிலோ கலோரியே தருகின்றன. புரதத்தைக் குறைத்து உண்ணுமாறு அறிவுறுத்தப்பட்ட நோயாளர் மெலிந்துவிடாமல் இருக்க நல்ல கொழுப்பு உதவும்.

எவ்வகைக் கொழுப்பு என்பதே கேள்வி. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடும் பாமாயிலில் பாதியளவும் நிறைவுற்ற கொழுப்பு உள்ளது. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது 20 விழுக்காட்டிற்கும் குறைவு. நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது தீய கொலஸ்டிரால் உயர்ந்து குருதிக்குழாயில் படிகிறது. அதனைக் குறைப்பதன் பயனை 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. 9,000க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளர் அதில் பங்கேற்றனர். கொலஸ்டிரால் குறைப்பு மருந்து பெற்றோரிடையே மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருந்தாக்குதல்கள் 17 விழுக்காடு குறைந்தன. பக்கவாதம் குறைந்தால் மூளைக்கு நேரும் சேதமும் குறையும்.

> தெரிந்து தெளிவோம்
> எள்ளிலிருந்து பெற்ற நெய் ‘எண்ணெய்’ எனப்பட்டது (எள் + நெய்). பின்னர் அச்சொல் பிற வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. எனவே எள்ளின் நெய்யைப் பிரித்துக்காட்ட ‘நல்லெண்ணெய்’ என்றனர்.

எல்லைப்புறத்து உணவுத்தட்டு

கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் கிருஷ்ணகிரிக்கும் கர்நாடகத்தின் தென்பகுதிக்கும் பொதுவான உணவு. இதில் கொழுப்பு குறைவு. ஓசூரின் தொழிற்பேட்டைகள் வளர்ந்தபின், இரவுப்பணி முடித்துத் திரும்புவோரின் பசியைப் போண்டாவும் பப்சும் பரோட்டாவும் தணிக்கின்றன. வனஸ்பதியிலும், மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயிலும் டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. இது தீய கொலஸ்டிராலை உயர்த்துவதோடு நல்ல கொலஸ்டிராலையும் குறைக்கிறது. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் இந்திய விதி 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது.

நலமுடையோர்க்கு நன்மை தரும் உணவு அனைத்தும் சிறுநீரக நோயாளர்க்கும் பொருந்தும் எனக் கருதலாகாது. கேழ்வரகில் பொட்டாசியமும் பாஸ்பரசும் அரிசியைவிட மிகுதி. ஒமேகா-3 கொழுப்பு நிறைந்த மத்தி, கானாங்கெளுத்தி மீன்களில் புரதமும் பாஸ்பரசும் உண்டு. ஆளிவிதை, நிலக்கடலை ஆகியவற்றுக்கும் அளவு தேவை. குருதித் தூய்மை செய்துகொள்வோர்க்குப் புரதம் கூடுதலாகவும், செய்துகொள்ளாதோர்க்குக் குறைவாகவும் தேவைப்படுவதால், ஒருவரின் உணவுப் பட்டியலை மற்றவர் பின்பற்றுதல் தவறு. குருதிப் பரிசோதனையைக் கண்டு மருத்துவரும் உணவியல் வல்லுநரும் வகுப்பதே ஏற்ற அளவு.

தெளிவே காப்பு

குறிப்பிட்ட எண்ணெயோ மீன் எண்ணெய் மாத்திரையோ சிறுநீரக நோயாளரின் நினைவாற்றலை மீட்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. அவ்வாறு கூறும் விளம்பரங்களை நம்பி மருந்தைக் கைவிடுதல் பெருங்கேடு. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தலே முதற்கடமை. கொழுப்பைத் தேர்ந்துண்ணல் அதற்குத் துணை. நோயாளரின் மருந்துவேளையைச் சுவரில் எழுதி வைப்பதும், பைமாற்றும் பொழுதில் உடனிருப்பதும் வீட்டிலுள்ள இளையோர் செய்யத்தக்க உதவிகள்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலுள்ள எண்ணெய் உறையில் அச்சிடப்பட்ட கொழுப்பு வகைகளைப் பட்டியலிட்டு வகுப்பில் ஒப்பிடுக.
2. உங்கள் பகுதிச் சுகாதாரத் தன்னார்வலரைச் சந்தித்து, அவர்தம் ஒருநாள் பணியை ஒரு பக்க அளவில் எழுதுக.
3. ‘நோயாளரின் மறதியைக் கடிதல் முறையன்று’ – காரணம் காட்டி விளக்குக.