குளிருக்கு ஒன்று, வெயிலுக்கு வேறொன்று

ஸ்காபரோ

அன்புள்ள மருமகனுக்கு,

நீ பார்த்து வைத்திருக்கிற இரண்டு ட்ரக்குகளின் விபரமும் கிடைத்தது. ஒன்றில் டீசல் ஏ.பி.யு. (ட்ரக் நிற்கும்போது சூடும் குளிரும் தருகிற சின்னத் துணை எஞ்சின்) ஏற்கெனவே பூட்டியிருக்கிறது, விலையும் கூட. மற்றதில் ஒன்றுமில்லை, பற்றறி ஏசி பிறகு பூட்டிக்கொள்ளலாம் என்று விற்கிறவர் சொல்கிறார். எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முதல் நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்த ஊர்களில் படுத்தெழும்பப் போகிறாய்? வின்னிபெக், கல்கரி ஓட்டமா, இல்லாவிட்டால் டெக்சாஸ் எல்லையில் லரேடோ வரைக்கும் போகிற ஓட்டமா? அது முடிவாகாமல் எந்தப் பெட்டிக்கும் விலை பேசாதே.

குளிருக்கு வழி சுலபம். படுக்கைக்குக் கீழே பூட்டுகிற சின்ன டீசல் ஹீற்றர் போதும். வெபாஸ்டோ, எஸ்பார் இரண்டுமே பெடியன்கள் பழகிய சாமான், பாகங்களும் கிடைக்கும். 2 கிலோவாட் சூடு தரும், மணிக்குக் கால் லீற்றர் டீசலுக்கு மேல் போகாது. மெயின் எஞ்சினை ஓடவிட்டுப் படுத்தால் மணிக்கு ஏறக்குறைய 3 லீற்றர் எரியும். அமெரிக்கப் பக்கம் 10 மணித்தியாலம் கட்டாய ஓய்வு, ஆகவே ஒரு இரவுக்கு 30 லீற்றர். லீற்றர் ஒன்றரை டொலர் என்று பிடித்தாலும் 45 டொலர் புகையாகப் போகிறது. எஞ்சின் சும்மா ஓடினால் புகை வடிகட்டியில் கரி அடைக்கிற செலவு வேறு. அந்தச் செலவு டீசல் பில்லில் தெரியாது, கராஜ் பில்லில்தான் தெரியும்.

அந்த ஹீற்றரை எப்போதும் ஆகக் குறைந்த சூட்டிலேயே வைத்திராதே, உள்ளே கரி பிடித்து நின்றுவிடும். இடைக்கிடை கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடவிடு. நிறுத்தினால் அதன் விசிறி தானாக ஓய்ந்து முடியட்டும், அதற்கு முதல் பற்றறிச் சுவிட்சை வெட்டாதே. காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்று தலைமாட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

இந்த ஹீற்றர் உன்னைச் சூடாக்கும், எஞ்சினை அல்ல. வாவா, தண்டர் பே பக்கம் மைனஸ் 30 அடித்தால் காலையில் எஞ்சின் கிளம்ப மறுக்கும். பிளக் கிடைக்கிற இடமென்றால் புளொக் ஹீற்றரைக் குத்திவிடு. சில டீசல் ஏ.பி.யு.க்கள் எஞ்சின் கூலன்ட்டையும் சூடாக்கும், வாங்குவதென்றால் அந்த வசதி இருக்கிறதா என்று கேள். ஒன்றுமே இல்லாத இடத்தில் மெயின் எஞ்சினை ஓடவிட்டுப் படு. அன்றைக்கு டீசல் மிச்சம் பிடிக்கப் போய் மறுநாள் இழுவை வண்டிக்குக் கொடுக்காதே.

வெயில்தான் பொல்லாதது. சூடாக்க நெருப்பு போதும், குளிராக்கக் கொம்பிரசர் வேண்டும், அது மின்சாரத்தைக் குடிக்கும். பற்றறி ஏசிக்கு வழக்கமாக 4 ஏ.ஜி.எம். பற்றறி வைப்பார்கள். ஒவ்வொன்றும் 100 அம்பியர் மணி என்றால் மொத்தம் 400. ஆனால் பற்றறி நீடிக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆகக் கையில் இருப்பது 200. கொம்பிரசர் விடாமல் 40 அம்பியர் இழுத்தால் 5 மணித்தியாலத்தில் முடிந்தது. ஜூலை மாத ஒன்டாரியோ இரவில் அது விட்டுவிட்டுத்தான் ஓடும், விடியும் வரை தாங்கும். லரேடோவில் மாலை 38 பாகை, தார்த்தரை நள்ளிரவு வரைக்கும் சூட்டைக் கக்கும், கொம்பிரசருக்கு ஓய்வே இருக்காது. விளம்பரத் தாளில் 10 மணித்தியாலம் என்று போட்டிருந்தால், வெளியே எத்தனை பாகையில் என்று விற்கிறவரைக் கேள். முகம் மாறும்.

இன்னொன்று. இறங்கிய பற்றறி திரும்ப நிறைவதற்கு நாளின் பெரும்பகுதி ட்ரக் ஓட வேண்டும். ரொறன்ரோவுக்குள்ளேயே நாலு இடத்தில் இறக்கி ஏற்றுகிற நாளில் நிறையாது. ஓட்டுகிற நேரத்தின் மணிக்கணக்கை மீளத் தொடங்க கனடாவில் 36 மணித்தியாலம், அமெரிக்காவில் 34 மணித்தியாலம் நிற்க வேண்டி வரும். பற்றறி முதல் இரவோடு கைவிரித்துவிடும். லிதியம் பற்றறியில் கூடுதலாக எடுக்கலாம், பாரமும் குறைவு, ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே சூடாக்கி இல்லாததை இந்த நாட்டில் வாங்காதே.

டீசல் ஏ.பி.யு.க்கு இந்தக் கவலை இல்லை. இரண்டு சிலிண்டர் எஞ்சின், மணிக்கு ஒரு லீற்றர் அளவில் குடித்துக்கொண்டு எத்தனை நாளும் ஓடும். ஆனால் உனக்கு இரண்டாவது எஞ்சின் ஒன்று வந்து சேர்கிறது: ஒயில், பில்டர், பெல்ட், சத்தம், 200 கிலோ பாரம். ஏ.பி.யு.க்காக 550 இறாத்தல் வரை கூடுதல் பாரத்துக்கு அமெரிக்க மத்திய சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அதை ஏற்பதா என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். கலிபோர்னியா போவதென்றால் இன்னும் கவனம். 2007 அல்லது அதற்குப் பிந்தைய எஞ்சின் உள்ள ட்ரக்கில் ஏ.பி.யு.வின் புகைக்கும் வடிகட்டி வேண்டும், அல்லது அதை ட்ரக்கின் வடிகட்டி வழியாக விட வேண்டும்.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். மேற்கு ஓட்டம்தான் என்றால் ஒன்றுமில்லாத ட்ரக்கை வாங்கி, ஹீற்றரை இந்த இலையுதிர் காலத்துக்குள் பூட்டு. பற்றறி ஏசி வசந்தம் வரைக்கும் காத்திருக்கலாம், மிச்சக் காசு ரயருக்கு ஆகும். தெற்கு ஓட்டம் பாதிக்கு மேல் என்றால் டீசல் ஏ.பி.யு. உள்ளதையே எடு. மெயின் எஞ்சினை ஓடவிடுவதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரவுக்கு 20 லீற்றர் மிச்சம், வருசத்தில் 200 இரவு வெளியே படுத்தால் 6,000 டொலர். பராமரிப்புச் செலவு கழித்தும் விலை வித்தியாசம் திரும்பி வரும். யார் பெயர் பொறித்த பெட்டி என்பதைவிட, உன் பாதையில் அதைத் திருத்தக்கூடிய கராஜ் எத்தனை இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிது.

எதை வாங்கினாலும் படுக்கைத் திரைச்சீலை தடிப்பானதாக இருக்கட்டும். நிறுத்துவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே பின்பக்கத்தையும் ஏசியில் குளிராக்கி வை. முன்கண்ணாடி மேற்கு பார்க்க நிறுத்தாதே. இதற்கெல்லாம் காசு இல்லை என்பதால் ஒருவரும் சொல்லித் தர மாட்டார்கள்.

சனிக்கிழமை ட்ரக்கைப் பார்க்கப் போகும்போது ஏ.பி.யு.வின் மணிக்கணக்கு மீற்றரையும் ஒயில் மாற்றிய பதிவையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எஞ்சின் ஆறியிருக்கும்போது போய், முதலில் ஏ.பி.யு.வை மட்டும் தனியாக ஓடவிடச் சொல். அரை மணித்தியாலம் ஓடட்டும். பதிவு இல்லை என்று சொன்னால் முற்பணம் கொடுக்காமல் எனக்கு அழை.

அன்புடன்,
மாமா