18–5 தோல்விக்கு மறுநாள்

ஒரகடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் ஷிப்ட் பஸ்கள் போய்ச் சாலை ஓய்ந்த நேரத்தில், ஒரு காலி மனையில் கல்லூரிப் பையன்கள் பேஸ்பால் பழகுகிறார்கள். மூன்று வருடமாக நானும் அவர்களோடு நிற்கிறேன். எல்லாரும் கிரிக்கெட் ஆடி வந்தவர்கள் என்பதால், முதல் மாதம் முழுக்கப் பழையதை மறக்கடிப்பதுதான் வேலை. பந்தை அடித்ததும் மட்டையோடு ஓடுவார்கள். கிரிக்கெட்டில் மட்டைதான் கோட்டைத் தொட வேண்டும். இங்கே அது சுமை. கீழே போட்டுவிட்டு 90 அடி பறக்க வேண்டும். பின்பக்கமாக நைசாகத் திருப்பிவிடும் லேட் கட் இங்கே வெறும் ஃபவுல்.

இந்த வட்டாரத்துக்குப் பேஸ்பால் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது 1998-ல். அதே ஆண்டில்தான் கொரியாவில் ஹூண்டாய் யூனிகார்ன்ஸ் அணி முதன்முறையாகக் கொரியத் தொடரை வென்றது. ஒரகடத்தில் கார் செய்த நிஸானுக்கு ஜப்பானில் ஊழியர்களின் பேஸ்பால் அணி உண்டு. 2009-ல் அதை நிறுத்தினார்கள். 2025-ல் மறுபடி களத்தில் இறக்கினார்கள்.

பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழக அணியின் 2019-ஆம் ஆண்டுக் கதை. அந்த அணியின் பிட்சர் குமார் ராக்கர், தாய் வழியில் இந்திய வம்சாவளி. 'குமார்' என்றதும் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த சீசனில் வேண்டர்பில்ட் 59 ஆட்டம் ஜெயித்தது, 12 தோற்றது. எனக்கு அந்த 12-ல் ஒன்றுதான் முக்கியம்.

ஜூன் 7. மூன்று ஆட்டத் தொடரின் முதல் ஆட்டத்தில் டியூக் பல்கலைக்கழகம் 18–5 என்று போட்டுத் தாக்கியது. இன்னொன்று தோற்றால் சீசனே முடிந்தது. மறுநாள் பந்தைக் கையில் வாங்கியவர் முதலாம் ஆண்டு மாணவர், வயது 19. ராக்கரின் ஸ்லைடர் நேராக வருகிற வேகப்பந்து போலவே தெரியும். மட்டை பாதி வழி வந்த பிறகு சரேலென்று கீழே இறங்கும். ஒன்பது இன்னிங்ஸும் அவரே எறிந்தார். டியூக்குக்கு ஒரு ஹிட்கூட இல்லை. 19 பேர் ஸ்டிரைக் அவுட். 3–0.

ஒமாஹாவில் மிச்சிகனுக்கு எதிரான இறுதித் தொடரிலும் முதல் ஆட்டம் போனது, 4–7. இரண்டாவதில் ராக்கர் 11 பேரை ஸ்டிரைக் அவுட் செய்து 4–1 என்று மீட்டார். ஜூன் 26 அன்று மூன்றாவதை 8–2 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். அன்று முதலில் எறிய வந்தவர் மேசன் ஹிக்மன். டியூக்குடனான கடைசி ஆட்டமும் 13–2 என்று முடிந்தது. அதுவும் ராக்கர் எறிந்ததல்ல. ஒரு குமாரை நம்பி மட்டும் யாரும் சாம்பியன் ஆவதில்லை.

இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். இரண்டு வருடம் முன்பு ஒரு போட்டியில் ஒரே பையனைக் காலையிலும் மாலையிலும் எறிய விட்டேன். நன்றாக எறிகிறானே என்ற ஆசை. மறுநாள் அவன் அம்மா போன் செய்தார்: "சார், பையனால சட்டையக்கூட தலைவழியா கழட்ட முடியல. கை தூக்க மாட்டேங்குது." எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்று முதல் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு. கம்பெனியில் ரிஜெக்ஷன் எண்ணுகிற மாதிரி, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பேன். அமெரிக்காவில் 19 முதல் 22 வயதினருக்கு ஒரு நாளைக்கு 120 எறிதல் போதும் என்கிறது அங்குள்ள வழிகாட்டி நெறி. டியூக்குக்கு எதிராக ராக்கர் எறிந்தது 131. காரணம் அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 2021-ல் நியூயார்க் மெட்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தும், மருத்துவ அறிக்கையைப் பார்த்து ஒப்பந்தம் போடவில்லை. பிறகு தோள், முழங்கை என்று அறுவை சிகிச்சைகள். 2024 செப்டம்பரில்தான் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்காக மேஜர் லீக்கில் காலடி வைத்தார். எங்கள் பையன்களுக்கு நான் வைத்திருக்கும் எல்லை 70.

பிட்சரைத் தேடுகிறவர்கள் கிரிக்கெட் பவுலர்களை மட்டும் பார்க்காதீர்கள். பவுலருக்கு முழங்கையை நீட்டியே பழக்கம். இங்கே மடக்கி விசிற வேண்டும். ஈட்டி எறிகிறவர்களைக் கேளுங்கள். 2008-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டி மூலம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்குப் போன ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவருமே ஈட்டி எறிந்தவர்கள்.

தோற்ற இரவில் ஆட்டத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்பது எங்கள் வழக்கம். சாப்பிட்டுத் தூங்க வேண்டும். காலையில் ஆளுக்கு 50 தரைப்பந்து, கிளவுஸைத் தரையோடு ஒட்டவைத்துப் பிடிக்க வேண்டும். ஐம்பதும் முடிவதற்குள் யாராவது ஒருத்தன் சிரித்துவிடுவான். அதற்குப் பிறகுதான் நேற்று என்ன தப்பு நடந்தது என்று கேட்பேன்.

போன ஞாயிறு, அந்தப் பழைய பையன் எறிந்துகொண்டிருந்தான். என் நோட்டில் 62. நான் குரல் கொடுக்கும் முன்பே அவன் தோளைத் தொட்டுப் பார்த்தான். மேட்டிலிருந்து இறங்கி நடந்துபோய், வெளியே உட்கார்ந்திருந்த முதலாம் ஆண்டுப் பையனின் கிளவுஸுக்குள் பந்தை வைத்தான்.