ஊராரும் நிருபரும்



ஆண்டுதோறும் பொதுப்பேரவையில் தணிக்கை அறிக்கையைப் படித்துக் காட்டுகிறோம். யாவரும் கையிலே வாங்கிப் பார்த்துக்கொள்ளக் கூடியதை உரக்கப் படிப்பானேன் என்று சில அங்கத்தினர்கள் வினவுவதுண்டு. கணக்கு ஏட்டில் இருக்கிறது. அது மெய்யா பொய்யா என்பது அங்கத்தினருக்குத்தான் தெரியும். இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தாலன்றித் தவறு வெளிப்படாது. வெளிப்பட்ட தவறு திருந்துவதற்குப் பத்திரிகையின் துணையும் வேண்டியிருக்கிறது. ஊராரும் பத்திரிகை நிருபரும் ஒத்துழைக்கும் முறை யாது என்பதே இம்மாதப் பாடம்.

1. ராஜஸ்தானம் கற்பித்தது

ராஜஸ்தானத்தின் வறண்ட நடுப்பகுதியில், பஞ்ச காலத்தில் அரசாங்கம் நடத்தும் குளத்து வேலையும் சாலை வேலையுமே ஏழைக் குடியானவர்களின் பிழைப்பு. அவ்வேலைகளில் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கேட்டபொழுது, செய்த வேலைக்கு ஏட்டின்படி அவ்வளவுதான் என்றனர். ஏட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம் என்றனர்.

இக்குறையைத் தீர்க்க 1990 மே முதல் நாளன்று மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைப்பாளர், உழவர் அமைப்பு தோன்றியது. சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியை 1975-இல் துறந்த அருணா ராய் அதனை நிறுவியவர்களுள் ஒருவர். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் அவர்கள் முதல் பொது விசாரணையை நடத்தினர். முயன்று பெற்ற கூலிப் பட்டியலையும் பற்றுச் சீட்டுகளையும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்தனர். பட்டியலில் பெயர் இருந்தும் வேலைக்கே செல்லாதவர்கள் எழுந்து, "நான் வேலை செய்யவில்லை, கூலியும் வாங்கவில்லை" என்று சாட்சி கூறினர்.

1995 ஏப்ரலில், வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி நகலெடுத்துக்கொள்ளலாம் என்று அம்மாநில முதலமைச்சர் சட்டசபையில் வாக்களித்தார். அது நாளிதழில் அச்சாயிற்று. ஆயினும் ஓராண்டு கழிந்தும் உத்தரவு வரவில்லை. அச்சான வாக்குறுதியையே கையில் பிடித்துக்கொண்டு, 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் மக்கள் மறியலுக்கு அமர்ந்தனர். அது 40 நாட்கள் நீடித்தது. கடைக்காரர்களும் காய்கறி விற்போரும் தானியமும் காய்களும் தந்து உதவினர். ஜன்சத்தா ஆசிரியர் பிரபாஷ் ஜோஷி போன்ற பத்திரிகையாளர்கள் இக்கோரிக்கையை நாடறியச் செய்தனர். அவ்வாண்டே நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலிருந்த இந்தியப் பத்திரிகை மன்றம் தகவல் உரிமைக்கு ஒரு மாதிரி மசோதா வரைந்தது. தமிழ்நாடு 1997-இல் இதற்குச் சட்டம் இயற்றிற்று. நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இல் வந்தது.

இதில் ஏட்டை வெளிக்கொணர்ந்தவரும் சாட்சி கூறியவரும் ஊரார். நிருபர்கள் செய்ததெல்லாம் அதை ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டு சென்றதே. ஊரார் வாய் திறந்திராவிடில் அவர்கள் எழுத ஒன்றுமிராது. அவர்கள் எழுதியிராவிடில் ஊராரின் குரல் அவ்வூரிலேயே அடங்கியிருக்கும்.

2. ஒத்துழையாமையின் விளைவு

நான் ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில் நேர்ந்ததைக் கூறுகிறேன். இருப்பில் நூல் குறைகிறது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு நிருபர் வந்தார். காரியதரிசி, "சங்க விஷயம் வெளியாருக்கு வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் "நூல் மாயம்" என்று செய்தி வந்தது. இரண்டே வாரத்தில் அங்கத்தினர்கள் வைப்புத் தொகையைத் திரும்பப் பெறத் தொடங்கினர்; நூல் வாங்கப் பணமின்றிப் பல தறிகள் நின்றன.

ஆய்வில், அந்நூல் அங்கத்தினர் வீடுகளில் பாவாகத் தறியிலேயே இருந்தது தெரிந்தது. கொடுத்த நூலை எழுத்தர் பேரேட்டில் ஏற்றவில்லை. அங்கத்தினரின் பாஸ் புத்தகங்களில் மட்டும் பதிவு இருந்தது. நிருபர் நான்கு பாஸ் புத்தகங்களைப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. காரியதரிசி காட்டியிருக்கலாம், காட்டவில்லை. பின்னர் வந்த திருத்தம் உள்பக்கத்தில் மூன்று வரி. நின்ற தறிகளுக்குரிய கூலியை அத்திருத்தம் மீட்டுத் தரவில்லை.

3. கடைப்பிடிக்க வேண்டியவை

அங்கத்தினர் நிருபரிடம் தாம் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தேதி, தொகை, ரசீது ஆகியவற்றோடு பேச வேண்டும். தமக்குப் பகையானவரைத் தாக்கப் பத்திரிகையைக் கருவியாக்கலாகாது.

நிர்வாகக் குழுவினர், நிருபரோடு பேசுவதற்கு ஒருவரை முன்னதாகவே நியமித்து வைப்பது நலம். தவறு இருப்பின் மறைக்காது, திருத்த எடுத்த நடவடிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிருபரிடம் நாம் எதிர்பார்ப்பவை மூன்று: குற்றம் சாட்டப்பட்டவரின் விடையையும் கேட்டல், ஏட்டைத் தாமே பார்த்தல், பிழையை அது வெளியான இடத்திலேயே திருத்துதல். அச்சத்தால் பெயரைச் சொல்லத் தயங்கும் ஏழை அங்கத்தினரைக் காட்டிக் கொடாமையும் அவர் கடமையே.

4. சட்டத்தின் நிலை

கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவாகத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி "பொது அதிகார அமைப்பு" ஆகா என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கேரளச் சங்கமொன்றின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும் பதிவாளர் அச்சட்டத்துக்கு உட்பட்டவர். கூட்டுறவுச் சட்டப்படி சங்கத்திடமிருந்து அவர் பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. பொதுவாக 30 நாட்களில் விடை தரப்பட வேண்டும். இவ்வுரிமை நிருபருக்கென்று தனியே தரப்பட்டதன்று. குடிமக்கள் யாவருக்கும் உரியது. வெளியார் வந்து கேட்கும் வரை காத்திராமல், நம் கணக்கை நாமே பேரவையில் கேட்டறிவது முதற்கடமை.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

அ. நமது சங்கத்தின் பேரேடும் உங்கள் பாஸ் புத்தகமும் ஒத்திருக்கின்றனவா? கடைசியாக எப்பொழுது ஒப்பிட்டீர்கள்?

ஆ. நாளை ஒரு நிருபர் வந்தால் சங்கத்தின் சார்பில் பேசுபவர் யார்?

இ. சென்ற பேரவையில் தணிக்கை அறிக்கை படிக்கப்பட்டபொழுது நீங்கள் கேட்ட வினா யாது?