கரையில் கழியும் நேரம்

அன்புள்ள யாழினி,

ஜனவரியில் ஹேவ்லாக் தீவில் ஒரு டைவிங் ரிசார்ட்டில் தங்கி ஓப்பன் வாட்டர் படிப்பை முடிக்கப்போவதாக எழுதியிருந்தாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அண்ணனுக்குத்தான் பயம், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தண்ணீருக்குள் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதை உன் இன்ஸ்ட்ரக்டர் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார். நான் எழுத நினைப்பது மீதி நேரத்தைப் பற்றி. ஒரு டைவ் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். நாளைக்கு இரண்டு டைவ் என்று வைத்தாலும் இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் நீ கரையிலும் படகிலும்தான் இருப்பாய். அந்த நேரத்தைப் பொறுப்பாகக் கழித்தவர்களுக்குத்தான் தண்ணீருக்குள் காதும் நுரையீரலும் மனசும் சொன்னபடி கேட்கும். டைவிங் ரிசார்ட்டை ஓட்டல் என்று நினைத்துப் போகிற பிள்ளைகள் இதைக் கவனிப்பதில்லை.

முதல் வேலை சென்னையிலேயே இருக்கிறது. படிப்பில் சேரும்போது ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா உண்டா, காது அறுவை சிகிச்சை நடந்ததா, வலிப்பு வந்ததுண்டா, தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறாயா என்று வரிசையாகக் கேட்டிருக்கும். பெரும்பாலானவர்கள் ரிசார்ட்டில் போய் இறங்கியபின், வெட் சூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடுகிறார்கள். உனக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. அதை மறைக்காதே. ‘ஆம்’ என்று போட்டால் டாக்டரின் கையெழுத்து வேண்டும் என்பார்கள். தீவில் அதற்கு அலைவதைவிட இங்கேயே நெஞ்சுநோய் மருத்துவரைப் பார்த்து, நுரையீரல் பரிசோதனை செய்து, கடிதம் வாங்கிக்கொண்டு போ.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கரையில் ஒரு மடங்கு என்றால் 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று. அந்த அழுத்தத்துக்கு ஈடாகத்தான் ரெகுலேட்டர் உனக்குக் காற்றைத் தருகிறது. 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அதே காற்று இரண்டு பங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. திசு கிழிந்து காற்று ரத்தத்தில் கலந்துவிடலாம். ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்திலேயே இது நடக்கக்கூடும். ‘எந்த நேரத்திலும் மூச்சை அடக்காதே’ என்பதை டைவிங்கின் முதல் விதியாக வைத்திருப்பது இதனால்தான். நீ மூச்சை அடக்காமல் இருக்கலாம். ஆனால் இளைப்பால் ஒரு சின்னக் காற்றுக்குழாய் சுருங்கியிருந்தால், அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்ட காற்று உன் கட்டுப்பாட்டில் இருக்காது. டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஸ்நார்க்கெலிங்கில் பார்க்க அங்கே நிறைய இருக்கிறது. நானும் கூட வருகிறேன்.

அடுத்தது ரிசார்ட்டைத் தேர்ந்தெடுப்பது. அறையின் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதே. போன் போட்டுக் கேள்: ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை மாணவர்கள்? படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்றவர் கூட வருவாரா? அவசரம் என்றால் என்ன ஏற்பாடு? டைவிங்கால் நேர்கிற நோய்க்கு வேண்டிய அழுத்த அறை, ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது பழைய போர்ட் பிளேரில், கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது. தீவிலிருந்து அது கடல் தாண்டிய தூரம். இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் இடம் நல்ல இடம். ‘அதெல்லாம் கவலைப்படாதீங்க மேடம்’ என்றால் அடுத்த இடத்தைப் பார்.

தீவுக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். டிக்கெட்டில் அப்படித்தான் இருக்கும், ஊர் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். அந்தமான், நம் ஊருக்கு வெகு கிழக்கே 93 பாகை தீர்க்கரேகையை ஒட்டி இருக்கிறது. கடிகாரம் மட்டும் இந்திய நேரத்தில் ஓடுகிறது. அதனால் ஜனவரியில் ஐந்தேகாலை ஒட்டி சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்கு நல்ல இருட்டு. முதல் நாள் இது உனக்குச் சங்கடமாக இருக்கும். நேரம் போகவில்லையே என்று தோன்றும். அந்த நீண்ட ராத்திரி டைவருக்குக் கிடைத்த வரம் என்று நினைத்துக்கொள். படகு காலையில் சீக்கிரம் கிளம்பும். எட்டு மணிக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுத்தால் போதுமான தூக்கம் கிடைக்கும். சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்துவைத்த கேபிள் ஹேவ்லாக் வரை எட்டுகிறது, அதனால் போனில் படம் பார்க்க முடியும். பார்க்காதே. தூக்கம் கெட்டவர்கள் தண்ணீருக்குள் சீக்கிரம் பதறுகிறார்கள்; பதறினால் மூச்சு வேகமாகும், டேங்க் சீக்கிரம் காலியாகும்.

கூட வருகிற தோழிகள் சாயங்காலம் பீர் குடிக்கலாம் என்பார்கள். நீ பெரியவள், குடிப்பதும் குடிக்காததும் உன் இஷ்டம். ஆனால் மறுநாள் டைவ் இருக்கிற ராத்திரியில் தொடாதே. மது உடம்பின் தண்ணீரை இறக்கிவிடும். டேங்கில் இருக்கும் காற்றோ ஈரமே இல்லாத காற்று. ஒவ்வொரு மூச்சும் உன் உடம்பிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் வெளியேறும். மேலே வெயில், கடல் காற்று. உடம்பில் தண்ணீர் குறைந்திருப்பவர்களுக்கு ஆழத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜனால் நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று டைவிங் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இரு. படகில் கழிப்பறை இல்லையே என்று குடிக்காமல் இருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது கூடாது. மாதவிலக்கு நாளாக இருந்தாலும் டைவ் செய்யலாம். அந்த ரத்த வாசனைக்குச் சுறா வரும் என்பதற்கு ஆதாரமே கிடையாது. வலி தாங்கவில்லை என்றால் மட்டும் அன்று ஓய்வெடு.

மணல்வெளியில் சாயங்காலம் வெறுங்காலோடு உட்காராதே. கண்ணுக்குத் தெரியாத மணல் ஈக்கள் கடித்தால் வாரக்கணக்கில் அரிக்கும். சொறிந்து புண்ணாக்கி அதோடு வெட் சூட் போடுவது கொடுமை.

காலையில் எழுந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காற்றை ஊது. இரண்டு காதிலும் லேசாக ‘டப்’பென்று திறக்க வேண்டும். ஒரு காது திறக்காவிட்டால், மூக்கடைப்போ சளியோ இருந்தால், அன்று டைவ் இல்லை. அழுத்தம் இரட்டிப்பாவது முதல் 10 மீட்டரிலேயே என்பதால் காது படும் பாடெல்லாம் மேல்மட்டத்தில்தான். சளி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் ஆபத்து. மருந்தின் வேகம் நடுவில் குறைந்தால், விரிந்த காற்று வெளியேற வழியில்லாமல், மேலே வரும்போது காதோ சைனஸோ அடைத்துக்கொள்ளும். கீழே போக முடியாவிட்டால் திரும்பிவிடலாம். மேலே வர முடியாவிட்டால் என்ன செய்வாய்?

‘இன்றைக்கு நான் வரவில்லை’ என்று சொல்வது எளிதாகத் தெரியும். அங்கே போனால் அப்படி இருக்காது. பணம் கட்டியிருக்கிறாய், படகு காத்திருக்கிறது, ஐந்து பேர் வெட் சூட்டோடு உன்னையே பார்க்கிறார்கள். டைவர்களுக்குள் ஒரு நல்ல வழக்கம் உண்டு: யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே ஒரு டைவை நிறுத்தலாம், யாரும் கேள்வி கேட்கக் கூடாது. தண்ணீருக்குள் அதற்குக் கட்டைவிரலை மேலே காட்டினால் போதும். நம் ஊரில் அது ‘சூப்பர்’. அங்கே அதற்கு ‘மேலே போகலாம்’ என்று பொருள். எல்லாம் சரி என்பதற்குக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து உன்னோடு ஜோடியாகத் தண்ணீரில் இறங்குபவரோடு இந்தச் சைகைகளைப் பழகு. ஒருவர் நிறுத்தச் சொன்னால் மற்றவர் முகம் சுளிக்கக் கூடாது என்று அப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

படகைப் பற்றிக் கொஞ்சம். ரிசார்ட்டுகள் பலவும் தீவின் கிழக்குக் கரையில் இருக்கின்றன. கடல் வற்றும் நேரத்தில் அங்கே தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் பவளத்துண்டுகளுமாக வெளியே தெரியும். படகுக்கு நடந்து போக வேண்டியிருக்கும். அடி தடித்த செருப்பு கொண்டுபோ. குமட்டும் சுபாவம் இருந்தால் மாத்திரையை டாக்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள். முதல் டைவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு மணி நேரம்போல் சும்மா இருக்கச் சொல்வார்கள். சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆழத்தில் அது உடம்பின் திசுக்களில் கரைகிறது, மேலே வந்தபின் மெதுவாகத்தான் வெளியேறுகிறது. அதற்குத்தான் அந்த இடைவேளை. ஈரத்தைத் துடைத்து, வாழைப்பழம் சாப்பிட்டு, நிழலில் உட்கார்.

அப்போது கூட இருக்கும் அனுபவசாலிகளிடம் ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினாக்கிள், ஜாக்சன்ஸ் பார் என்னும் ஆழ்கடல் இடங்களைப் பற்றிக் கேள். இந்தப் படிப்பின் எல்லை 18 மீட்டர் என்பதால் நீ இப்போது அங்கே போக முடியாது. அந்தப் பெயர்கள் கரேன் சமூகத்து டைவர்களுடையவை. 1925இல் காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து அந்தமானுக்கு அழைத்துவரப்பட்ட மக்கள் அவர்கள். ஹேவ்லாக்கின் டைவிங்கை வளர்த்ததில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு. உன் படகை ஓட்டுபவரோ டேங்கைத் தூக்கித் தருபவரோ அந்தக் கடலோடு வளர்ந்தவராக இருக்கக்கூடும். அவரிடம் மரியாதையாகப் பேசு. நீரோட்டம் எப்படி இருக்கிறது என்று அவர் சொன்னால் அதை இன்ஸ்ட்ரக்டர் சொன்ன மாதிரியே எடுத்துக்கொள்.

கரைக்கு வந்ததும் உன் உபகரணங்களை நீயே கழுவு. ஆள் இருக்கிறார்கள், செய்துவிடுவார்கள். இருந்தாலும் உன் உயிர் தொங்கிய குழாயை உன் கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. ரெகுலேட்டரின் மூடியைத் துடைத்துக் காயவைத்து இறுக்கி மூடியபின் நல்ல தண்ணீரில் அலசு. அலசும்போது நடுவிலிருக்கும் பொத்தானை அழுத்தாதே, தண்ணீர் உள்ளே போய்விடும். காதிலும் நல்ல தண்ணீரை ஊற்றித் தலையைச் சாய்த்து வடியவிடு. பஞ்சுக் குச்சி வேண்டாம்.

அப்புறம் லாக் புத்தகம். தேதி, ஆழம், நிமிடம், எடுத்துக்கொண்ட ஈயத்தின் எடை, 200 பாரில் தொடங்கிய டேங்க் எத்தனையில் முடிந்தது என்பதெல்லாம் எழுது. கூடவே பார்த்த மீன்களையும். காசிமேட்டில் பாட்டியோடு போய் வாங்கியிருக்கிறாயே, களவா, பாரை, சங்கரா, திருக்கை, அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லாரும் அங்கே உயிரோடு நீந்துவார்கள். ரிசார்ட்டுகளில் மீன் அடையாளப் புத்தகம் ஒன்று எப்படியும் கிடக்கும். சாயங்காலம் அதைப் புரட்டு. பெயர் தெரிந்த பிறகு கண் வேறு மாதிரி பார்க்கும். கிளிமீன் பவளத்தைக் கொறிப்பதையும், அரைத்ததை வெள்ளை மணலாகக் கழிப்பதையும் முந்தைய நாள் படித்திருந்தால், மறுநாள் அந்தக் ‘கறுக் கறுக்’ சத்தத்தைக் காது தானே தேடும்.

பவளத்தைப் பற்றி உன்னிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். 2010 கோடையில் அந்தமான் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி, மேல்மட்டப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிகள், சூட்டில் வெளியேற்றப்பட்டுவிடுகின்றன. பட்டினி நீடித்தால் பவளம் செத்துப்போகிறது. 2016இலும் வெளுப்பு வந்தது. உருண்டையாக வளரும் பெரிய பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. உன் ஃபின்ஸ் ஒருமுறை இடித்தால் உடைவது உன்னைவிட வயதான உயிராக இருக்கலாம். முழங்கால் போட்டு நிற்க மணல் இருக்கிறதா என்று பார்த்து நில். போட்டோவுக்காக எதையும் பிடிக்காதே. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டையும் எடுத்துவராதே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறார்கள்.

கடைசியாகத் திரும்பும் பயணம். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம், ஏறக்குறைய 2,000 மீட்டர் உயர மலைமேல் இருப்பதுபோல் குறைந்திருக்கும். உடம்பில் நைட்ரஜன் மிச்சமிருக்கும்போது அங்கே ஏறினால் அது குமிழிகளாகி மூட்டுகளிலும் நரம்புகளிலும் தங்கலாம். பல நாள் டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். நீ ஒரு முழு நாள் விடு. ஃபெர்ரியில் போவதற்குத் தடையில்லை, அது கடல்மட்டத்திலேயே போகிறது. கடைசி நாளில் ‘இன்னும் ஒரே ஒரு டைவ், சலுகை விலையில்’ என்று கேட்பார்கள். உனக்கும் ஆசை வரும், ஏனென்றால் அப்போதுதான் உடம்பு தண்ணீருக்குப் பழகியிருக்கும். போகாதே. அன்று மேற்குக் கரையில் ராதாநகருக்குப் போய்வா. முதலை எச்சரிக்கைப் பலகைகளைப் படித்துவிட்டு, காவலர் காட்டும் எல்லைக்குள் குளி. வெட் சூட் காய ஒரு பகல் வேண்டும், அதற்கும் அந்த நாள் உதவும். மறுநாள் காலை ஃபெர்ரி, மதியம் விமானம் என்று டிக்கெட் போட்டுக்கொள்; கடல் முரண்டு பிடித்து ஃபெர்ரி தாமதமானாலும் சமாளிக்கலாம்.

அன்புடன்,
அத்தை